கருத்தில்லாதவர்களுக்குக் குடை இல்லை

மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பதை மக்களிடமே விட்டுவிட்டால் குழப்பம் விளையும் என்ற பேருண்மையை முதன்முதலில் உணர்ந்தது எங்கள் தீவுதான். அதன் பொருட்டே பொதுமக்கள் மனப்பாங்கு அளவீட்டுக் கழகம் என்றொரு நிறுவனம், போதிய குளிர்சாதன வசதியுடன், பெரியதொரு கட்டடத்தில் நிறுவப்பட்டிருந்தது. மின்தூக்கி வந்து சேரும் வேகம் மக்களுக்கு மனநிறைவு தருகிறதா, அடுக்குமாடி புளோக்குகளுக்கு அடித்த புதிய வண்ணம் குடும்ப ஒற்றுமையை வளர்க்கிறதா என்பன போன்ற நுண்ணிய பொருள்களையெல்லாம் அக்கழகம் இடையறாது அளந்துவந்தது. அளக்கப்பட்டவை யாவும் திருப்திகரமாகவே இருந்தன. திருப்தியில்லாதவை அளக்கப்படவில்லை.

கழகத்தின் துணை இயக்குநர் திரு. கூ தெக் லியாங், கேள்விகள் தயாரிப்பதிலேயே தலைமுடியை இழந்தவர். எந்தக் கேள்வியைக் காட்டினாலும் அதற்கு மக்கள் என்ன விடை சொல்வார்கள் என்பதை அவர் பிசகாமல் கூறிவிடுவார். ஏனெனில் விடை மேலிடத்திலிருந்து முதலில் வந்துவிடும், கேள்வியை அவர் பிறகுதான் எழுதுவார். ஆண்டுதோறும் கேட்கப்படும் ‘போதைப்பொருள் கடத்துவோருக்குத் தூக்குத் தண்டனை அவசியம்தானே?’ என்ற புகழ்பெற்ற கேள்வி அவருடைய கைவண்ணமே. அதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆம் என்று சொல்லிவந்தார்கள். எஞ்சிய பத்துப் பேர் கேள்வியை விளங்கிக்கொள்ளாதவர்கள் என்று அறிக்கையின் அடிக்குறிப்பு கூறும்.

வீட்டில் மட்டும் திரு. கூவின் திறமை செல்லுபடியாகவில்லை. அவர் மனைவி ஸ்வீ பின்னிடம் கேள்வியே தேவைப்படுவதில்லை. மழை பெய்தால் மழையைப் பற்றியும், பெய்யாவிட்டால் வானிலை அறிவிப்பாளரின் மூக்கைப் பற்றியும் அவளிடம் தீர்மானமான கருத்துகள் இருந்தன. அவர் நாள்தோறும் அணிந்து செல்லும் சட்டையைப் பற்றி, மணமான நாள் முதல், ஒரு காலைகூடத் தவறாமல் அவள் கருத்துரைத்து வந்தாள். “இதப் போட்டுட்டுப் போனா உன்ன லிஃப்டுக்குள்ள ஏத்த மாட்டாங்க” என்பது அவற்றுள் மென்மையானது.

இவ்வாறு நாடும் வீடும் நடந்துகொண்டிருக்கையில், கழகத்தின் இயக்குநர் திரு. இயோ ஒரு குளிர்நாட்டில் நடந்த மாநாட்டுக்குச் சென்று, முகம் வாடித் திரும்பினார்.

“அவமானமாப் போச்சு, மிஸ்டர் கூ,” என்றார். “எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். நம்ம தொண்ணூறு விழுக்காட்டப் பெருமையா எடுத்து விட்டேன். ஒரு கெழட்டுப் பேராசிரியர், வாய் நெறைய உருளைக்கிழங்க வச்சுக்கிட்டு, ‘தொண்ணூறு பேரு நம்புறாங்க, சரி. தூக்குக்குப் பயந்து கடத்தாம நின்ன ஒரே ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம்’ங்கிறாரு.”

“ஒரு ஆளா, சார்?”

“ஒண்ணே ஒண்ணு. எங்கிட்ட இல்ல! தூக்குல போட்டவங்க பேரெல்லாம் பத்திரமா வச்சிருக்கோம். தடுத்து நிறுத்துன ஒருத்தன் பேரக்கூட நாம எழுதி வைக்கலயே!”

திரு. கூ சிறிது சிந்தித்தார். “நம்ம ஊர்ல கடத்தாதவங்க நெறைய பேரு இருக்காங்களே, சார்.”

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “எத்தன பேரு?”

“கிட்டத்தட்ட எல்லாருமே.”

“அப்ப அவங்கல்லாம் ஏன் கடத்தல?”

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, சார்.”

அந்தக் கணத்தில் பிறந்ததுதான் மாபெரும் அச்சக் கணக்கெடுப்பு. திரு. கூ இரண்டு நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றைக் கேள்வியைச் செதுக்கி எடுத்தார். ‘நீங்கள் இதுவரை போதைப்பொருள் கடத்தாமல் இருப்பதற்குத் தூக்குத் தண்டனை ஒரு காரணமா?’ விடைகள் மூன்று: ஆம், இல்லை, கருத்தில்லை. 

அந்நாளில் அலுவலகங்களைப் பிடித்திருந்த புது மோகம் ஒன்றுண்டு. மக்களை எதற்கு அழைத்தாலும் அவர்கள் மகிழ்ச்சியோடு பங்கேற்க வேண்டும் என்று ஆலோசகர்கள், தக்க கட்டணம் பெற்றுக்கொண்டு, போதித்து வந்தார்கள். ஆகவே விடையளிப்போருக்கு ஒரு மஞ்சள் நிறக் குடை பரிசளிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. குடையில் ‘அஞ்சுவோம், உயர்வோம்’ என்ற வாசகம் நான்கு மொழிகளிலும் அச்சாகியிருந்தது. ‘ஆம்’ என்போருக்கு அங்கேயே குடை. ‘இல்லை’ என்போர், பின் எதனால்தான் கடத்தாமல் இருக்கிறார்கள் என்பதை விளக்க, மேலும் ஒன்பது துணைக் கேள்விகளுக்கு விடையளித்துவிட்டுக் குடை பெறலாம். கருத்தில்லாதவர்களுக்குக் குடை இல்லை என்று தனியே ஓர் அட்டையில் எழுதி ஒட்டப்பட்டது. சோம்பேறித்தனத்துக்குப் பொதுப்பணத்தில் பரிசளிக்க முடியாதல்லவா?

எங்கள் தீவில் வரிசை ஒன்றைக் கண்டால் முதலில் அதில் நின்றுகொண்டு, பிறகுதான் அது எதற்கான வரிசை என்று விசாரிப்பது மரபு. ஸ்வீ பின் குடியிருந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் கணக்கெடுப்புக்கான முகப்பு மேசை திறந்த காலையில், மரபு முழுமையாகப் பின்பற்றப்பட்டது.

“என்ன குடுக்கிறாங்க?” என்றாள் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியம்மா நோர்லியா மக்சிக், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

“குடை.”

“நல்ல குடையா?”

“ரெட்டைக் கம்பி. நான் விரிச்சுப் பாத்துட்டேன்,” என்றாள் ஸ்வீ பின்.

மக்சிக் கேள்வியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத் திடுக்கிட்டாள். “நான் எதுக்குடி கடத்தப் போறேன்? மாடிப்படி ஏறவே எனக்கு மூச்சு வாங்குது. இல்லைன்னு போடு.”

“இல்லைன்னா ஒம்போது கேள்வி, மக்சிக். அதோ அந்த மீன்கடை அங்கிளப் பாரு. ஏழாவதுல நிக்கிறாரு, அழுதுடுவாரு போல. ஆமான்னு சொல்லு, குடைய வாங்கு, வா.”

“பொய் சொல்லலாமா?”

“நீ கடத்தினியா?”

“இல்ல.”

“நாட்டுல தூக்கு இருக்கா?”

“இருக்கு.”

“ரெண்டும் உண்மைதான. போய் வாங்கு.”

இந்த வாதத்தில் ஓட்டை காண மக்சிக்கால் இயலவில்லை. பின்னர் அறிஞர்களாலும் இயலவில்லை. கழகத்தின் இறுதி அறிக்கை ஏறக்குறைய இதே வாதத்தைத்தான், சற்று நீளமாக, முன்வைத்தது.

இருபத்தெட்டு லட்சம் பேர் ‘ஆம்’ என்றிருந்தார்கள். தூக்குத் தண்டனை மட்டும் இல்லாதிருந்தால் அத்தனை லட்சம் பேரும் போதைப்பொருள் கடத்தியிருப்பார்கள் என்ற செய்தி தீவையே பெருமிதத்தில் ஆழ்த்தியது. தடுத்து நிறுத்தப்பட்டவர்களுள் தொண்ணூற்றேழு வயது முதியவர் ஒருவரும், படுத்த படுக்கையாகக் கிடந்த ஓய்வுபெற்ற இசையாசிரியை ஒருவரும் அடங்குவர். ஓர் ஆளைக் காட்டச் சொன்ன பேராசிரியருக்கு இருபத்தெட்டு லட்சம் பெயர்களும் கப்பலில் அனுப்பப்பட்டன. புதிதாகச் சேர்ந்த பெண் அலுவலர் ஒருவர் மட்டும், சிறையில் தூக்குக்குக் காத்திருப்பவர்களையும் இக்கேள்வி கேட்டிருக்கலாமே என்றார். அவர்கள் அஞ்சாமல் போனவர்கள், அவர்களைச் சேர்த்தால் மாதிரியின் தூய்மை கெட்டுவிடும் என்று திரு. கூ பொறுமையாக விளக்கினார். அலுவலருக்கும் விளங்கிவிட்டது, வேறு துறைக்கு மாற்றல் வாங்கிச் சென்றார்.

வெற்றி முழுமையாக இருந்திருக்கும், எல்லைக் காவலர்கள் அறிக்கையைப் படிக்காமல் இருந்திருந்தால். அவர்கள் தரப்பிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்த மூத்த அதிகாரி எளிய ஐயம் ஒன்றை எழுப்பினார்.

“இருபத்தெட்டு லட்சம் பேரும் கடத்தணும்னு நெனச்சவங்களா?”

“நெனைக்கலன்னா நாம எதத் தடுத்தோம்?” என்றார் திரு. இயோ.

“அப்ப பயம் ஒண்ணுதான் அவங்களப் புடிச்சு நிறுத்தியிருக்கு. வாராவாரம் பாதிப்பேரு பாலம் தாண்டி அக்கரைல இருக்கிற ஜொகூருக்குப் போய்க் காய்கறி வாங்குறாங்க, தலைமுடி வெட்டிக்கிறாங்க. பாலத்துல போறப்ப யாருக்காவது பயம் தெளிஞ்சிட்டா?”

அறையில் அச்சம் பரவியது. அது அளக்கப்படவில்லை. முடிவில், ‘ஆம்’ என்றவர்கள் யாவரும் பாலத்தைக் கடக்கையில் மஞ்சள் வரிசையில் நின்று, அவர்களுடைய அச்சம் தக்க அளவில் இருக்கிறதா என்ற பரிசோதனைக்குப் பிறகே அனுமதிக்கப்படுவார்கள் என்று தீர்மானமாயிற்று. குடைகளும் மஞ்சளாக இருப்பதால் வரிசையும் மஞ்சளாக இருப்பதே பொருத்தம் என்று எடுத்துரைத்தவர் திரு. கூ. அதற்காகப் பாராட்டும் பெற்றார்.

ஸ்வீ பின்னின் அக்காள் ஜொகூரில் வாழ்ந்து, சென்ற ஆண்டு காலமானவள். அவளுடைய ஒரே மகள் பெய் ஷானுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரம், சனிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள். மணமக்கள் மண்டியிட்டுப் பெரியோருக்குத் தேநீர் படைக்கும்போது தாயின் நாற்காலியில் சின்னம்மா உட்கார வேண்டும். அது அக்காள் மருத்துவமனைக் கட்டிலில் கையைப் பற்றிக் கேட்டு, ஸ்வீ பின் கொடுத்த வாக்கு. கருத்துகளை அடிக்கடி மாற்றிக்கொள்பவளாக இருந்தாலும், வாக்கை அவள் மாற்றியதில்லை.

திருமண வாரத்தின் முற்பகுதியில், ஜொகூரிலிருக்கும் தம்பி வீட்டுக்குச் சென்ற நோர்லியா மக்சிக், போன வேகத்தில் திரும்பி வந்து கூ வீட்டு வாசலில் நின்று கத்தினாள்.

“பின்! அடியே பின்! உன் பேச்சக் கேட்டு ஆமான்னு சொன்னேன் பாரு! மத்தியானம் வரைக்கும் என்ன உக்கார வச்சுட்டானுங்க. தம்பிக்குன்னு சுட்டு எடுத்துட்டுப் போன கறிபாப் அத்தனையும் கத்தியால வெட்டிப் பாத்தானுங்க. உள்ள உருளைக்கிழங்கத் தவிர என்ன இருக்கும்? கடைசில அந்த ஆபீசர் ஒண்ண வாயில போட்டுக்கிட்டு உப்பு கம்மிங்கிறான்!”

சாப்பிட்டுக்கொண்டிருந்த திரு. கூவின் கையிலிருந்த கரண்டி நின்றது. “மக்சிக் ஆமான்னு சொன்னாங்களா? யாரு சொல்லச் சொன்னது?”

ஸ்வீ பின் கதவின் பின்புறம் மாட்டியிருந்த மஞ்சள் குடையைப் பார்த்தாள். அதை அவர், அலுவலகத்திலிருந்து தாமே கொண்டுவந்த மாதிரிக் குடை என்றல்லவா இத்தனை நாளும் எண்ணியிருந்தார்!

“நீயுமா?”

“ஒம்போது கேள்வி யாரு வச்சா? நீதான வச்ச? மனுசன் நிக்கிறதா, குடைய வாங்குறதா?”

“படிச்சுப் பாத்துச் சொல்ல வேண்டாமா! என் பெண்டாட்டி கடத்தல்காரின்னு இப்பக் கணக்குல இருக்கு!”

“கணக்கு உன்னோடது, ஆபீசர். சனிக்கிழம அந்த நாற்காலியில நான் உக்காரணும். நீ பாலத்த நகத்துவியோ, கடலத் தள்ளி வைப்பியோ, எனக்குத் தெரியாது. அக்காவோட நாற்காலி காலியாக் கெடந்துச்சுன்னா, அப்புறம் இந்த வீட்ல உன் நாற்காலியும் காலிதான்.”

மறுநாள் திரு. கூ இயக்குநரின் அறைக்குள் பணிவோடு நுழைந்து, தம் மனைவியின் விடையை ‘இல்லை’ என்று திருத்த அனுமதி வேண்டினார்.

“தாராளமா,” என்றார் திரு. இயோ. “மஞ்சள்லேருந்து எடுத்துச் செவப்புல போட்டுடுவோம்.”

“செவப்பா?”

“நேத்துதான முடிவாச்சு. இல்லைன்னா என்ன அர்த்தம்? தூக்கு இருக்குன்னு தெரிஞ்சும் பயம் இல்ல. பயந்தவங்கள அர நாள் விசாரிக்கிறோம்னா, பயமே இல்லாதவங்கள நாள் முழுக்க விசாரிக்க வேண்டாமா?”

“சார், அவ கடத்தவே மாட்டா.”

“அப்படின்னு யாரு சொல்றா?”

“அவதான்.”

“பயமே இல்லாதவங்க சொல்றத எப்படி நம்புறது, மிஸ்டர் கூ?”

எடுத்துக்கொண்ட நெறியிலிருந்து இயக்குநர் இம்மியும் விலகவில்லை. திரு. கூவால் அதை மறுக்கவும் முடியவில்லை. நெறியே அவர் வகுத்ததுதான்.

சனிக்கிழமை பொழுது புலர்ந்ததும், அக்கரையின் மலிவு எண்ணெயைத் தடுக்கும் விதிப்படி காரின் எண்ணெய்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, தம்பதியர் காரில் புறப்பட்டார்கள். ஸ்வீ பின் சிவப்புப் பட்டு உடுத்தி, அக்காளின் பச்சைக்கல் வளையலை அணிந்திருந்தாள். மடியில் மொய்ப்பணம் வைத்த அங்பாவ் உறை. மழை கொட்டிக்கொண்டிருந்ததால் கையில் அந்த மஞ்சள் குடை. பாலத்தின் முனையிலிருந்த சோதனைச் சாவடியை அடைந்ததும் கார் மஞ்சள் வரிசையில் சிக்கிக்கொள்ள, அவர்களை உள்ளே ஒரு பெரிய அறைக்கு அழைத்துச் சென்றார்கள். போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் அது ஒன்றே விசாரணை அறை. அங்கே மேசையருகில் இருந்த அதிகாரி பரஞ்சோதி, இரண்டு வாரங்களாக மக்களின் அச்சத்தை அளந்து களைத்துப்போன இளைஞர்.

“ஆண்ட்டி, கடைசியா எப்ப பயந்தீங்க?”

“எதுக்கு?”

“தூக்குக்கு, ஆண்ட்டி. போன மாசத்தோட பாத்தா இப்ப பயம் கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?”

“என் மாமியார் செத்ததுக்கு அப்புறம் எனக்கு எதுக்குமே பயம் கெடையாது.”

பரஞ்சோதி பேனாவைக் கீழே வைத்தார். “அப்படிச் சொல்லாதீங்க, ஆண்ட்டி. செவப்பு ஆயிடும்.”

“இந்தத் தம்பி காலர்ல சாயம் போயிருக்கு, பாத்தியா?” என்றாள் அவள் கணவரிடம்.

தம் முறை வரும்வரை சுவரோரம் உட்கார வைக்கப்பட்டார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண்மணி, மடியில் ஒரு காகிதப் பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் மாரியாயி, பாலத்துக்கு அப்பாலுள்ள குளுவாங்கிலிருந்து முதல் பேருந்தில் வந்தவள். ஸ்வீ பின் மலாயில் பேச்சுக் கொடுத்தாள். யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவளால் ஆகாத செயல்.

“அக்கா, நீங்க மஞ்சளா?”

“செவப்பாம்மா. அஞ்சாதவங்களும் அவங்க சொந்தக்காரங்களும் செவப்பாம். என் மகன் உங்க ஊரு ஜெயில்ல இருக்கான். வர்ற வெள்ளிக்கிழம அவனுக்கு நாள் குறிச்சுட்டாங்க.”

ஸ்வீ பின் அந்தக் காகிதப் பையைப் பார்த்தாள். திரு. கூ தம் காலணிகளை உற்று நோக்கினார்.

“அதுக்கு முன்னாடி படம் எடுப்பாங்களாம். வீட்லேருந்து நல்ல துணி கொண்டாந்து குடுக்கலாமாம். இன்னைக்கு மூணு மணிக்குள்ள குடுக்கணும்.” மாரியாயி மேசைப் பக்கம் பார்த்தாள். “நானும் அந்த ஆமா, இல்ல எதையாவது சொல்லி வரிசைய மாத்திக்கிறேன்னு தம்பிகிட்டக் கேட்டேன். இந்த ஊருக்காரங்க கருத்து மட்டும்தான் வேணுமாம். எங்க கருத்து தேவையில்லையாம்.”

கடிகாரம் பத்தைத் தாண்டியது. திரு. கூவின் மனம், அறிவுக்கு எட்டிய வழிகளெல்லாம் அடைபட்டதும், தாம் செதுக்கிய கேள்வியிடமே திரும்பியது. ஆம், இல்லை... மூன்றாவதாக ஒன்றும் இருந்ததே! அவர் மேசையை நோக்கி ஓடினார்.

“கருத்தில்லைன்னு சொன்னவங்கள என்ன பண்றீங்க?”

பரஞ்சோதி விதிகளைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வியப்பு படர்ந்தது. “ஒண்ணும் பண்ணச் சொல்லல, சார். வெள்ள வரிசை, நேரா நடந்து போயிடலாம். ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் வரலயே. குடை கெடைக்காதுல்ல?”

“இவங்க மாத்திக்கிறாங்க.”

“அப்படின்னா குடையத் திருப்பிக் குடுக்கணும்.”

ஸ்வீ பின் குடையை மேசைமேல் வைத்தாள். பரஞ்சோதி கழகத்தின் படிவத்திலிருந்த உறுதிமொழியை உரக்க வாசித்தார்: “தூக்குத் தண்டனை குறித்தும், அது சார்ந்த மற்றும் சாராத வேறெப்பொருள் குறித்தும் எனக்கு எவ்விதக் கருத்தும் இல்லை என்று இதனால் உறுதியளிக்கிறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்தக் கட்டடத்த விட்டு வெளிய போற வரைக்கும் கருத்து எதுவும் சொல்லிடாதீங்க, ஆண்ட்டி. சொன்னா நான் மறுபடியும் வரிசைய மாத்தியாகணும்,” என்றார்.

அவள் கையொப்பமிட்டாள். ‘வேறெப்பொருள்’ என்பதைச் சேர்த்தவர் திரு. கூதான், வாக்கியத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டும் என்பதற்காக.

வெளியேறும் வாயிலுக்குச் செல்ல மாரியாயியைக் கடந்துதான் போக வேண்டும். அவள் எழுந்து நின்று, பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்துக் காட்டினாள். புத்தம்புதிய நீலச் சட்டை. கழுத்தில் அட்டைகூட எடுக்கப்படவில்லை.

“தங்கச்சி, நீங்க வெவரமானவங்களாத் தெரியுது. பாத்துச் சொல்லுங்க. அவன் கருப்பா இருப்பான். நீலம் அவனுக்கு எடுக்குமா? வெள்ளையே வாங்கியிருக்கணுமோன்னு பஸ் ஏறுனதுலேருந்து மனசு அடிச்சுக்குது.”

ஸ்வீ பின்னின் வாய் திறந்தது.

“ஆண்ட்டி,” என்றார் பரஞ்சோதி மேசையிலிருந்து, மிக மெல்ல. அவர் கை பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது. கண்களோ தரையில் இருந்தன.

ஸ்வீ பின் சட்டையைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்காளின் வளையலை ஒரு சுற்றுச் சுற்றினாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

மாரியாயி சற்று நேரம் காத்திருந்துவிட்டு, மடிப்புக் கலையாமல் சட்டையை மடித்தாள். “பரவால்லம்மா. அவன் எதப் போட்டாலும் நல்லாத்தான் இருப்பான்.”

வெள்ளை வரிசையில் வாகனங்களுக்கு வழியில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பாலத்தின்மேல் நடந்தார்கள். அளக்கும் கழகத்தார் அளக்கப்படாதவர்கள் ஆதலால் திரு. கூவுக்கு எந்த வரிசையும் இல்லை. மழை சாய்வாக அடித்தது. பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது. “எப்படியோ தாண்டிட்டோம்,” என்றார் அவர். “நல்ல யோசனை இல்ல?” என்றார். கட்டடத்தை விட்டு வெளியே வந்து வெகுநேரமாயிற்று; இப்போது தாராளமாகக் கருத்துச் சொல்லலாம் என்று நினைவூட்டவும் செய்தார். அவள் நடந்துகொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுதுக்கு முன்பே அக்காளின் நாற்காலி நிறைந்துவிட்டது. பெய் ஷான் மண்டியிட்டு, செம்பேரீச்சை மிதக்கும் தேநீரை இரு கைகளாலும் நீட்டினாள். “சின்னம்மா, இனிப்பு போதுமா? அம்மா இருந்தா கூடப் போடச் சொல்லியிருப்பாங்க.” ஸ்வீ பின் ஒரு சொட்டு மீதியின்றிக் குடித்தாள். தலையை ஆட்டவுமில்லை, அசைக்கவுமில்லை. ஈரப் பட்டோடு அவள் அழுததை, அக்காளை நினைத்து அழுகிறாள் என்று கூடியிருந்தோர் புரிந்துகொண்டார்கள்.

வெள்ளை வரிசையின் மகிமையை நோர்லியா மக்சிக் புளோக் புளோக்காகப் பரப்பினாள். திங்கட்கிழமை முதல் கழகத்தின் முகப்புகளில் மக்கள் குடைகளோடு வந்து குவிந்தார்கள். எங்கள் தீவில் இலவசமாகப் பெற்ற பொருளை மக்கள் வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு முறைதான். மீன்கடை அங்கிள், ஒன்பது கேள்விக்கும் விடையளித்துப் பெற்ற குடையை முத்தமிட்டுவிட்டு ஒப்படைத்தார். காப்பிக்கடைகளில் அமைதி நிலவியது. குழம்பில் காரம் கூடியதென்று சொல்லவும் ஆளில்லை. வெளியே ஒரு கருத்துச் சொல்லப்போய், அது பாலத்தில் எந்த நிறமாக மாறுமோ, யார் கண்டது?

வியாழக்கிழமை மாலை, புதிய கணக்கைத் திரு. கூ இயக்குநரின் முன் வைத்தார்.

“ஆம் ஒண்ணுகூட இல்லயே, மிஸ்டர் கூ!”

“இல்லையும் ஒண்ணுகூட இல்ல, சார். எல்லாருமே கருத்தில்லை.”

திரு. இயோ தலையில் கைவைத்து அமர்ந்தார். அந்தப் பேராசிரியரின் உருளைக்கிழங்கு வாய் அவர் கண்முன் தோன்றியிருக்க வேண்டும். பிறகு, “எதிர்க்கிறவங்க?” என்று கேட்டார்.

“ஒருத்தர்கூட இல்ல.”

இயக்குநர் மெல்லத் தலையைத் தூக்கினார். “போன வருசம் வரைக்கும் தொண்ணூறு. பத்து பேரு இடிச்சுக்கிட்டே இருந்தானுங்க. இந்த வருசம் ஆட்சேபணை இல்லாதவங்க...?”

“நூத்துக்கு நூறு, சார்.”

திரு. கூவின் கையைப் பற்றி அவர் குலுக்கிய குலுக்கலில் மேசைமேலிருந்த தேநீர் சிந்திற்று. தூக்குத் தண்டனை குறித்து நாட்டில் எவருக்கும் ஆட்சேபணை இல்லை என்பது அறிவியல் முறைப்படி நிலைநாட்டப்பட்டுவிட்டது. மறுநாளே விழா, விழாவில் திரு. கூவுக்குப் பதவி உயர்வு.

வெள்ளிக்கிழமை காலை வானொலி, முதலில் அந்த நூறு விழுக்காட்டுச் செய்தியை வாசித்தது. அடுத்து, விடியற்காலையில் தண்டனை ஒன்று வழக்கம்போல் நிறைவேற்றப்பட்டதாக ஒரு வரி. அதன் பிறகு வானிலை. திரு. கூ வானொலியை நிறுத்தினார். விழாவுக்கென்று கழகத்திலிருந்து கொடுத்தனுப்பிய சட்டையை அணிந்து, பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியின் முன் நின்றார். 

ஒரு வாரமாக அவள் எதையும் சொல்லவில்லை. மழையைப் பற்றி இல்லை, மாடி வீட்டுக்காரரின் செருப்புச் சத்தத்தைப் பற்றி இல்லை. லிஃப்டுக்குள் ஏற்ற மாட்டார்கள் என்றாவது இன்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். காத்திருந்து பார்த்தார். கடைசியில், அந்த வீட்டில் முதன்முறையாக, அவரே கேட்க வேண்டியதாயிற்று.

“பின், இந்தச் சட்டை எனக்கு எடுக்குதா?”

ஸ்வீ பின் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, அந்த நீல நிறத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“கருத்தில்லை,” என்றாள்.